குளறாத பிள்ளை

ஆலங்குளம்

ஆனி பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலைத் திறக்க முடியாது. கச்சான் காற்று புழுதியை அள்ளி வந்து சோற்றுத் தட்டில் கொட்டிவிடும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் காற்று வேண்டும். தோணிக்காரர்களுக்கு ஆகாது. என் தாத்தா தோணித் தண்டல். எஞ்சின் வராத காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவர். கச்சான் வலுத்த மாதங்களில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருப்பார்.

அந்தக் காற்றுக்கு எதிராகத்தான் இந்த ஆடியில் குற்றாலத்துக்குப் போனோம். நான், மனைவி, நான்கு வயது மகள், மனைவியின் அம்மா. திருநெல்வேலி தாண்டி ஆலங்குளம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் காற்றாலைகள் விடாமல் சுற்றின. மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. பாவூர்சத்திரத்தில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிய மகள், "அப்பா, காத்து ஈரமா இருக்கு" என்றாள். எங்கள் ஊரில் கண்ணை உறுத்தும் காற்று இங்கே முகத்தைத் துடைத்துவிடுகிறது. அரபிக்கடலில் கிளம்பி, கேரளத்தில் பெய்து தீர்த்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக மிச்சத்தைத் தூவிவிட்டு, ஈரம் வற்றிய பிறகு எங்களிடம் வந்து சேர்கிறது. குற்றாலத்தில் அருவி நிறைவதும் தூத்துக்குடியில் தோணி கரையில் கிடப்பதும் ஒரே காற்றால்தான். இத்தனை வருஷம் இதை யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

தாத்தா தன் பிள்ளைகள் யாரையும் தோணியில் ஏற்றிப்போனதில்லை. அப்பாவும் சித்தப்பாக்களும் அழுது பார்த்திருக்கிறார்கள். தோணி துறையில் கட்டிக் கிடக்கும்போது ஏறி விளையாடலாம். நங்கூரம் எடுக்கிற நேரம் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். கேட்டால் ஒரே பதில்தான்: "சுக்கான் புடிச்ச கையால புள்ளைய எப்படிலே புடிப்ப?" அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவின் கண்டிப்பைச் சொல்வதாகவே நினைத்திருந்தேன்.

தென்காசி

காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது. மகள் இரண்டு கையையும் விரித்து அதன்மேல் சாய்ந்து நின்றாள். விழமாட்டோம் என்று தெரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். கோபுரம் சிதைந்து பல தலைமுறைக் காலம் மொட்டையாக நின்றது. இப்போது நாம் அண்ணாந்து பார்க்கும் ராஜகோபுரம் புதிதாகக் கட்டி 1990இல் கும்பாபிஷேகம் கண்டது.

"இந்த வருசம் சாரல் களகட்டிருச்சு, பேராண்டியோ பேத்தியோ கூட்டிட்டு வந்தவுக கொஞ்சம் பாத்துப் போங்க" என்றார் வாசலில் பூ விற்கும் பெரியவர். அத்தையிடம்தான் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்ததோடு சரி.

பேரருவி

குற்றாலத்துக்குள் நுழைந்ததும் முதலில் எட்டுவது எண்ணெய் வாசனை. நல்லெண்ணெய், பஜ்ஜிச் சட்டி எண்ணெய், நேந்திரங்காய் வறுபடும் தேங்காய் எண்ணெய் எல்லாம் ஈரக் காற்றில் கலந்து வருகிறது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்கிறது. அருவியின் இரைச்சலை மீறி காவலர்களின் விசில்.

பேரருவியில் அன்று குளிக்க விடவில்லை. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் கயிறு கட்டிவிடுவார்கள். தூரத்தில் நின்று பார்த்தோம். உச்சியிலிருந்து விழுகிற நீர் நேராக மனிதர் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் ஒரு பாறைக் குழிக்குள் விழுந்து, பொங்கி, வழிந்து, வேகம் தணிந்த பிறகே கீழே வருகிறது. அந்தக் குழி மட்டும் இல்லையென்றால் இந்த அருவியில் யாரும் தலை கொடுக்க முடியாது. அதன் பெயர் பொங்குமாகடல்.

"மலையில கடலா?" என்று கேட்டாள் மகள். கடலோரத்துப் பிள்ளை, அவளுக்குக் கடல் என்றால் ரோச் பார்க்கில் முழங்கால் நனைக்கிற தண்ணீர். பெயர் வைத்தவர்கள் கடலை நன்றாக அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றியது. விழும் வேகத்தை முதலில் தான் வாங்கிக்கொண்டு பிறகு மனிதருக்குக் கொடுக்கிறது இந்தப் பாறை. பிள்ளைக்கு அந்தப் பாறையாக யாராவது இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நினைப்பு அன்று அங்கே நின்றபோது தோன்றவில்லை. ஐந்தருவிக்குப் பிறகு தோன்றியது.

ஐந்தருவி

ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிற அருவி. கூட்டம் குறைந்திருந்த ஒரு நேரத்தில் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "வேண்டாம் மாப்பிள, சொம்புல மொண்டு ஊத்தலாம்" என்று அத்தை இரண்டு தடவை சொன்னார்கள். "அவளே ஆசைப்படுறா அத்தை" என்றேன். உண்மைதான், வழியெல்லாம் அருவி அருவி என்று குதித்துக்கொண்டு வந்தவள்.

நீருக்குள் எத்தனை நொடி நின்றிருப்பேன்? ஐந்து, அதிகம் போனால் ஏழு. என் தோளில் விழுந்தது எனக்குச் சுகமாக இருந்தது. அதே நீர் அவள் முகத்தில் அறைந்தது. பக்கத்தில் நின்றவர் நகர, நான் வழுக்கி, கம்பியைப் பிடித்தேன். கம்பியைப் பிடித்தது வலது கை. அவளைப் பிடித்திருந்த இடது கை எண்ணெய்ப் பிசுக்கில் நழுவுவதை உணர்ந்தேன். வெளியே வந்து பார்த்தபோது அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. கண் என்னைப் பார்த்தது. உதடு நாவல் பழம் தின்றது போல இருந்தது. அழவில்லை. அந்த அமைதியை நான் பயம் என்றே நினைக்கவில்லை. "பாரு, அழவே இல்ல, தைரியசாலி" என்று மனைவியிடம் சொன்னேன்.

படிக்குப் பக்கத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி வைத்திருந்த அக்கா எழுந்து வந்தார். என் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, குப்புறச் சாய்த்து, முதுகில் தட்டினார். இருமல் வந்தது. தண்ணீர் வந்தது. அப்புறம் ஐந்தருவியே கேட்கிற மாதிரி ஓர் அழுகை.

"குளறட்டும், விடுங்கோ" என்றார். "குளறுற பிள்ளைக்குப் பயப்பிடத் தேவையில்லை தம்பி. குளறாமக் கிடக்கிற பிள்ளைக்குத்தான் பயப்பிடோணும்."

அழுது முடிக்கும்வரை தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். உச்சந்தலை, காதுமடல், கழுத்து. என் மனைவி உலர்ந்த சட்டையை எடுத்துக் கொடுத்ததும் மாட்டிவிட்டு, பிள்ளையின் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். சின்ன உடம்பில் சூடு தங்குவதில்லை. எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். பெரியவர்களைவிட வெகு வேகமாகக் குளிர்ந்துவிடும். நாம் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று நினைக்கிற நேரத்தில் பிள்ளைக்கு நடுக்கம் வந்துவிடுகிறது.

அழுவதைக் குளறுவது என்கிற இந்தப் பேச்சு எந்த ஊருடையது என்று கேட்டேன். பேசாலை என்றார். மன்னார்த் தீவு. 1990இல் வந்தவர், தென்காசியில் கும்பாபிஷேகம் நடந்த அதே வருஷம். இந்த மாவட்டத்திலேயே இருக்கும் முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, மூன்று பிள்ளைகள். 2021இல் அரசு பெயரை மாற்றும்வரை அதற்கு அகதிகள் முகாம் என்று பெயர்; இப்போது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். சீசனுக்குப் பழம் விற்க வருகிறார்.

"எனக்கு ஏழு வயசு. தம்பிக்கு எட்டு மாசம். படகில பதினெட்டுப் பேர். நேவி கேக்கும் எண்டு பிள்ளையள் அழக்கூடாது. அம்மா தம்பிக்கு இருமல் மருந்து ரெண்டு மூடி குடுத்தவ. எல்லாத் தாய்மாரும் குடுத்தவை. அவன் நித்திரை கொண்டிட்டான். சோழகக் காத்து. தண்ணி உள்ள வந்துகொண்டே இருந்தது. நான் கிண்ணியால அள்ளி அள்ளி ஊத்தினனான். விடியக்கு முன்னம் ஓட்டி எங்களை ஒரு திட்டில இறக்கிவிட்டிட்டு, இதுதான் இந்தியா, நடந்து போங்கோ எண்டு சொல்லிட்டுப் போயிட்டான். நடந்தா நாலு பக்கமும் கடல்."

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீண்டு கிடக்கிற மணல் திட்டுகள் அவை. மரம் இல்லை, தண்ணீர் இல்லை. கடல் ஏறினால் சில திட்டுகள் சுருங்கிவிடும். ராமேசுவரத்து மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆடியில் ஆண்கடல் கொதிக்கும். திட்டில் நிற்கிறவர்களுக்கு ஒரு பக்கம் இதுவும் மறுபக்கம் அதுவும்.

"வெயில் ஏறிட்டுது. தம்பி எழும்பவே இல்லை. அழவும் இல்லை. அம்மாக்குப் பால் வத்திட்டுது. முதல்நாள் ராத்திரி அழாத, அழாத எண்டு கையால வாயைப் பொத்தினவ, விடிஞ்சதில இருந்து அவன்ர கன்னத்தைத் தட்டி அழடா, அழடா எண்டு கெஞ்சிக்கொண்டு இருந்தவ."

மத்தியானம் ராமேசுவரத்து மீன்பிடி வள்ளம் ஒன்று கண்டு ஏற்றிக்கொண்டது. வள்ளத்தில் இருந்த ஒருவர் சோற்று நீரில் துணியை நனைத்துப் பிள்ளையின் வாயில் பிழிந்தாராம். கொஞ்சம் கொஞ்சமாக. கரை தெரிகிற நேரத்தில் அவன் அழுதிருக்கிறான்.

இதைச் சொல்லிவிட்டு அவர் பழத்தின் மேல் தண்ணீர் தெளித்தார். என் மகள் ஒரு மங்குஸ்தானை இரண்டு கையாலும் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

பிரானூர்

இரவு பிரானூர் பார்டரில் சாப்பிட்டோம். கல்லில் தட்டிப்போட்ட சூடான பரோட்டாவும் மிளகு தூக்கலான நாட்டுக்கோழியும். மகள் சால்னாவில் தொட்டுத் தொட்டு ஒன்றரை பரோட்டா தின்றாள். நான் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீரில் மூச்சுத் திணறிய பிள்ளைக்கு விடாத இருமல், வேக மூச்சு, அசாதாரணத் தூக்கம் இவற்றில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்களுக்கு ஐந்து கிலோமீட்டரில் தென்காசி அரசு மருத்துவமனை இருந்தது. போக வேண்டி வரவில்லை. ஆனால் அந்த ஐந்து கிலோமீட்டரை நினைத்துக்கொண்டே படுத்தேன்.

சில வருஷங்களுக்கு முன் படித்த ஒரு செய்தி அப்போது முழுசாக ஞாபகம் வந்தது. 2014 மார்ச்சில் ஓர் அமெரிக்கக் குடும்பம் பாய்மரப் படகில் பசிபிக்கைக் கடக்கப் புறப்பட்டது. மூன்று வயதிலும் ஒரு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். மெக்சிகோ கரையிலிருந்து சுமார் 900 மைல் தாண்டிய இடத்தில் சின்னவளுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. கொடுத்த மருந்து கேட்கவில்லை. படகும் பழுது. அவசர சமிக்ஞை அனுப்பி உதவி கேட்டார்கள். நான்கு மீட்பு வீரர்கள் விமானத்திலிருந்து பாரசூட்டில் கடலில் குதித்து, படகில் ஏறி, குழந்தையை மூன்று நாள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வந்து குடும்பத்தை ஏற்றிக்கொண்டது. வீடாக இருந்த படகைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். குழந்தை பிழைத்தது.

அந்தப் பெற்றோரைத் திட்டிய பலரோடு நான் சேரவில்லை. படகிலேயே பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் நட்சத்திரமும் நீரோட்டமும் படித்து நன்றாகவே வளர்கிறார்கள். தரையிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். ஆனால் தரையில் வரும் காய்ச்சல் ஆட்டோ பிடித்தால் தீரும் தூரத்தில் வருகிறது. ஒரு வயதுப் பிள்ளைக்கு நாலைந்து தடவை வாந்தி வந்தால் உடம்பு வறண்டுவிடும். கடல் நோயில் பெரியவர்களே குடலைக் கக்கிக்கொண்டு கிடப்பார்கள். அந்த நேரம் பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுக்க யாருக்குக் கை வரும்? மிதவைச் சட்டை போட்டிருக்கிறோமே என்றால், பெரியவர் அளவில் உள்ளதைப் பிள்ளைக்கு மாட்டினால் நீரில் விழுந்த கணத்தில் சட்டை மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். கவட்டில் பட்டை கட்டி, தலையைத் தாங்கும் கழுத்துப் பகுதியோடு, எடைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோலக் கை அடித்துக் கூப்பிடாது. சத்தமில்லாமல் போகும். அதை அன்று மாலை என் இடுப்பிலேயே பார்த்துவிட்டேன்.

இதோடு இன்னொரு கப்பலும் நினைவுக்கு வந்தது. 2010 ஆகஸ்டில் கனடாவின் மேற்குக் கரையை அடைந்த எம்.வி. சன் சீ. தாய்லாந்திலிருந்து கிளம்பிப் பசிபிக்கைக் கடந்து வந்த அந்தப் பழைய சரக்குக் கப்பலில் 492 தமிழர்கள். அதில் 49 பேர் பிள்ளைகள். அப்புறம் 2022 மார்ச் 22ஆம் தேதி, இலங்கையில் விலைவாசி தாங்காமல் தனுஷ்கோடிப் பக்கம் வந்த 16 பேரில் நான்கு மாதக் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தை வந்த படகின் ஓட்டி அதில் இருந்தவர்களைத் திட்டில் இறக்கிவிட்டுப் போக, இந்தியக் கடலோரக் காவல்படை போய்க் கூட்டி வந்தது. 1990இல் அந்த அக்கா நின்ற அதே மாதிரி மணல்.

அந்தத் தாய்மார்களைப் பார்த்து, பிள்ளையை ஏன் கடலில் ஏற்றினாய் என்று கேட்க யாருக்கும் வாய் வரக்கூடாது. அவர்களுக்குக் கரையில் இருந்தது கடலைவிட மோசம். ஆனால் எனக்கு அப்படி எதுவும் இல்லை. எனக்குத் தங்க அறை இருந்தது, சொம்பு இருந்தது, வேண்டாம் மாப்பிள என்று சொல்ல ஆளும் இருந்தது. பிள்ளையைப் பணயம் வைக்க அவர்களுக்கு இருந்த காரணத்தில் நூறில் ஒரு பங்குகூட எனக்கு இல்லை. பிள்ளை ஆசைப்பட்டது என்று சொன்னேன். நான்கு வயதுக்கு ஆசைப்படத் தெரியும். நீரின் கனம் தெரியாது. அந்தக் கனத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவன் நான்.

பழைய குற்றாலம்

மறுநாள் காலை பழைய குற்றாலம் போனோம், குளிக்க இல்லை. தண்ணீர் அளவாக விழுந்தது, வெயிலும் அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

2024 மே 17ஆம் தேதியும் இங்கே கூட்டம் குளித்துக்கொண்டுதான் இருந்தது. கோடை மழை மலைக்கு மேலே எங்கோ கொட்டியது. கீழே இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. சில நிமிஷத்தில் வெள்ளம் பாறையெல்லாம் மூடிக்கொண்டு இறங்கியது. ஓடியவர்கள் பிழைத்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து உறவினரோடு வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஓடத் தெரிந்த, பலமுள்ள வயது. இடுப்பில் இருக்கிற பிள்ளையின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே டீக்கடையில் சுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "மேல மழன்னா தண்ணி நெறம் மாறும். செம்மண் கலங்கும். எலதழ, குச்சி வரும். சத்தமும் மாறும், கனமா உறுமும். அந்த நேரத்துல செல்பி எடுக்க நிக்கக் கூடாது, துண்டு தொவாலய எடுக்கவும் திரும்பக் கூடாது, அண்ணாச்சி. புள்ளையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறிரணும்." காப்பியை நீட்டிவிட்டு, "தாய் தகப்பன்கூட வர்ற புள்ளைகளத்தான் நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார். என்னவோ கேட்க வந்து கேட்காமல் குடித்தேன். தாய் தகப்பன் இருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

புலியருவி

பிள்ளைகளுக்கென்றே அமைந்த மாதிரி சின்ன அருவி. அக்கா சொல்லித்தான் வந்தோம். அத்தை கரையில் உட்கார்ந்து, மகளை முன்னால் நிறுத்தி, முதலில் காலில், அப்புறம் முதுகில், அப்புறம் தோளில் சொம்பால் ஊற்றினார்கள். தலைக்கு ஊற்றுமுன் "ஊத்தவா?" என்று கேட்டார்கள். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். மூன்று சொம்பு. நான்காவதுக்குப் பல் கிட்டியது. உடனே துண்டில் சுற்றித் தூக்கிவிட்டார்கள். மொத்தமே பத்து நிமிஷம் இருக்காது. அதன் பிறகு அரை மணி நேரம் கூழாங்கல் பொறுக்கினாள். குற்றாலத்தில் அவளுக்குப் பிடித்தது என்ன என்று இன்று கேட்டாலும் அந்தக் கல்லைத்தான் எடுத்துக் காட்டுகிறாள்.

ஐந்தருவிச் சாலை

கிளம்பும்போது பழம் வாங்கப் போனோம். கடைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். முழங்கை வரை நீலப் பெயிண்ட் தெறித்திருந்தது. டேங்கின்மேல் ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை.

"இவன்தான்" என்றார் அக்கா.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பேச்சில் இன்னும் பேசாலை இருக்கிறது. அவர் பேசியது சுத்தமான தென்காசித் தமிழ். செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறாராம். அந்த ராத்திரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அக்கா சொல்லிக் கேட்டதுதான். அதற்கப்புறம் கடலில் கால் வைத்ததே இல்லை என்றார். மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம், ஒருநாள் கூட்டிப்போக வேண்டும்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"இப்ப எப்படி இருக்கும் அங்க, கடலு?"

"கச்சான். தோணியெல்லாம் கரையிலதான் கெடக்கு."

தலையை ஆட்டினார். அக்கா ஒரு கிலோவுக்கு மேல் இரண்டு மங்குஸ்தானைப் போட்டு, பையை என் மகள் கையில் கொடுத்தார்.